உடலாலும் மனத்தாலும்

படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள், படுத்திருக்கிறேன். காலை பத்தரை மணிக்கு, குளித்து, மூன்று இட்லி தின்று, மாத்திரை விழுங்கி, நனைந்த தலையைக் காற்றாடிக்குக் கீழே உலர்த்திக்கொண்ட பிறகு, கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டு என்னை என் கட்டிலிலேயே கிடத்தியிருக்கிறான் நான் பெற்ற பிள்ளை. "எம்மா, அந்த ஆபீசர் வந்துட்டுப் போற வரைக்கும் எந்திரிக்காத என்ன. நீ நடமாடிக்கிட்டு இருந்தா ஏன் ஆபீசுக்குக் கூட்டிட்டு வரலைன்னு கேப்பாவ." சரி என்றேன். எண்பத்தொரு வயதில் என் வாயில் மிச்சமிருக்கும் சொல் அது ஒன்றுதான் போலிருக்கிறது. மருமகள் சுபாஷிணி வந்து நின்று பார்த்தாள், திருப்தியில்லை. நான் வாரி முடிந்திருந்த கொண்டையைக் குனிந்து தளர்த்திவிட்டாள். இரண்டு முடிக்கற்றை நெற்றியில் விழுந்ததும், "இப்ப நேச்சுரலா இருக்கு அத்தை" என்றாள். அவள் விரல் என் தலையில் பட்டு எத்தனை வருஷமாயிற்று, பட்டதே இல்லையோ என்னவோ. வருகிறவர் சார்பதிவாளர். என் பேரில் இருக்கிற இந்த வீட்டைப் பற்றி இனி எல்லாவற்றையும் என் மகன் லிங்கமே முடிவு செய்யலாம், விற்கலாம், இடிக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று நான் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன். முறைப்படி நான்தான் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். போக முடியாத அளவுக்கு உடம்பு முடியாதவர் என்று டாக்டர் சான்றிதழோடு மனுப் போட்டால் சார்பதிவாளரே வீட்டுக்கு வருவார். அந்த அலுவலகம் இங்கிருந்து ஆட்டோவில் ஏழு நிமிஷம். போன மாதம் அதற்கும் அப்பால் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்குப் போய், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இறங்கிக் கொத்தமல்லிகூட வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அலுவலகத்தில் காக்க வைப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் நான் யோசித்துவிடுவேன். இந்த ஊரில் முப்பத்துமூன்று வருஷம் பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தியிருக்கிறேன், என்னிடம் படித்தவள் எவளாவது வந்து என்ன மேடம் இங்கே என்று கேட்டுவிடுவாள், நானும் சொல்லிவிடுவேன். அதனால் நான் முடியாதவள்.

சான்றிதழை நான் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு, கம்பை ஊன்றிக்கொண்டு போய், சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் கிடந்த உறையைத் திறந்தேன். டாக்டர் தாமோதரனின் தாள், மூன்று வரி, கீழே முத்திரை. அவர் என்னைப் பார்த்து நாலு மாதமாகிறது. என் கையைப் பிடிக்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, லிங்கம் போனில் கேட்டான், அவர் எழுதி வைத்தார், இவன் போய் வாங்கி வந்தான். ஷீ இஸ் ஃபீபிள் இன் பாடி அண்ட் மைண்ட். உடலாலும் மனத்தாலும் தளர்ந்தவர். அடுத்த வரியில் கை நடுக்கம், கையெழுத்திட இயலாது, பெருவிரல் ரேகை வாங்கிக்கொள்ளலாம். அதாவது கைநாட்டு. சிவப்புப் பேனா இருந்தால் அங்கேயே அடிக்கோடு போட்டிருப்பேன். கோபம் எனக்கு அந்தக் கைநாட்டின் மேல்தான் முதலில் வந்தது, பிறகுதான் வந்தது மைண்ட் என்கிற அந்தக் கடைசிச் சொல்லின் மேல். பாடி போதும், அந்த ஆளிடம் கேட்டதும் பாடிதான், ஆனால் கேட்டதற்கு மேல் அழுத்திக் கொடுத்தால் நன்றாயிருக்குமென்று நினைத்திருக்கிறார், கடைக்காரன் கொசுறு போடுகிற மாதிரி ஒரு மனத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார். அதே உறைக்குள் பத்திரத்தின் நகலும் இருந்தது. அதில் நான் எனது பூரண சுயநினைவுடனும் நல்ல மனநிலையிலும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக் கொடுக்கிறேனாம். இரண்டையும் ஒரே பின்னில் குத்தி வைத்திருக்கிறார்கள். ஒரே ஆள், ஒரே உறை, ஒரு தாளில் புத்தி உண்டு, இன்னொரு தாளில் இல்லை. லிங்கம் படிக்கவில்லை, அவன் எதையும் கடைசிவரை படிப்பவனில்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பதில் எழுதி மார்க்கைக் கோட்டை விடுகிறவன். பத்திர எழுத்தர் தளவாய், முத்திரை இருக்கிறதா, பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். சுபா பார்ப்பாள், ஆனால் அவளிடம் யாரும் காட்டவில்லை. நான் உறையை மடித்துப் பழையபடி பாட்டிலுக்கு அடியில் வைத்தேன். என் கை அப்போது நடுங்கத்தான் செய்தது, அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மகிழ்ச்சியிலும் கை நடுங்கும்.

ஃபீபிள். மேல்பல் கீழுதட்டில் படுகிறது, கொஞ்சம் காற்று கசிகிறது, இரண்டு உதடும் ஒட்டிப் பிரிகின்றன, கடைசியில் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு இனி என்னால் ஆகாது என்று நின்றுவிடுகிறது. சொல்லி முடிப்பதற்குள்ளேயே களைத்துப் போகிற சொல். இதை நான் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன். எழுபத்தொன்றில் கல்லூரி மலருக்கு நான்தான் பொறுப்பு. செண்பகம் என்றொரு பெண், சேரன்மகாதேவியிலிருந்து ரயிலில் வருகிறவள், எண்ணெய் வழிகிற இரட்டைச் சடை, இங்கிலீஷில் ஒரு கவிதை எழுதிக் கொடுத்தாள். தாமிரபரணி, நிலா, படித்துறை. நான் குறுக்கே ஒரே சொல்லைச் சிவப்பில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். "மேடம், இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள். அகராதியைப் பார் என்றேன். இருபத்தெட்டு வயதில் எனக்கு இருந்த திமிருக்கு அது அளவான பதில். அவள் நிஜமாகவே நூலகத்துக்குப் போய், தனி மேஜையில் கிடந்த அந்தப் பெரிய அகராதியைப் புரட்டி, மறுநாள் வகுப்பு முடிந்ததும் வாசலில் வந்து நின்றாள். "பார்த்துட்டேன் மேடம். பிரெஞ்சுலேருந்து வந்ததாம், அதுக்கு முன்னால லத்தீனாம். அழத்தக்கது, அழ வேண்டியதுன்னு போட்டிருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நேத்தே அழுதுட்டேன் மேடம், கணக்கு சரியாப் போச்சு" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த மூலம் எனக்குத் தெரியாது. எம்.ஏ.யில் மொழி வரலாறு ஒரு தாள் முழுக்கப் படித்தவள் நான், தெரியாது. தெரியாததை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பதற்காக அந்த வருஷம் முழுவதும் அவளை நிமிர்ந்து பார்க்காமல் பாடம் நடத்தினேன். அவள் கவிதை மோசமில்லை. படித்துறையில் கழற்றி வைத்த செருப்பைப் பற்றி ஒரு வரி இருந்தது, எழுதினவளுக்கே மறந்துபோயிருக்கும், எனக்கு மறக்கவில்லை. மூன்றாம் வருஷம் கல்யாணமாகிப் போனாள். எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்தச் சொற்களைத் துரத்துவது ஒரு கெட்ட பழக்கமாகிவிட்டது. லத்தீனில் அழுவது என்ற வினையிலிருந்து கிளம்பி, அழத்தக்கது என்று ஆகி, கடல் தாண்டி வருவதற்குள் நடுவிலிருந்த ஒரு ல் கழன்று விழுந்து, சொல்லே மெலிந்துபோய்த்தான் இங்கிலீஷுக்குள் வந்திருக்கிறது. பார்க்கிறவன் அழுவதுதான் அதில் முக்கியம், கிடப்பவளுக்கு என்ன என்பதில்லை. ஃப்ரெய்ல் என்றால் உடையக்கூடியது, கண்ணாடிச் சாமான் மாதிரி. இன்ஃபர்ம் என்றால் உறுதியில்லாதது. வீக் என்பது வளைகிறதிலிருந்து வந்தது, வளைகிறது பரவாயில்லை, வளைந்தது நிமிரும். எல்லாவற்றிலும் கொடுமையானது எஃபீட், குட்டி போட்டுப் போட்டு ஓய்ந்துபோன விலங்குக்குச் சொன்ன சொல், பிறகு விளைந்து விளைந்து சத்துப் போன நிலத்துக்குச் சொன்னார்கள். நம்மிடம் சவலை என்று இருக்கிறது, அடுத்த பிள்ளை வந்ததால் பால் கிடைக்காமல் நோஞ்சானாய்ப் போன பிள்ளைக்கு. அங்கே பெற்றவளுக்குச் சொல், இங்கே பிறந்ததற்குச் சொல், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பமே கிடைத்துவிடும். இன்னொன்று உண்டு, இதை நான் வகுப்பில் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். ஃபீபிளுக்கு ஃபாய்பிள் என்று ஒரு கூடப்பிறந்த சொல், வாள் சண்டைக்காரர்கள் வைத்திருக்கிற சொல். வாளில் பிடியிலிருந்து பாதிவரை வலுவான பகுதி, எதிராளியின் வெட்டை அதில்தான் தாங்குவார்கள். பாதியிலிருந்து மேலே பலவீனமான பகுதி, அதற்குத்தான் அந்தப் பெயர். நுனி இருப்பது அந்தப் பலவீனத்தில்தான். குத்துவது நுனிதான். ஒரு நாள் இதைச் சொல்லிக்கொண்டு அவரிடம் போனேன், அவர் என்றால் என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் இருந்தவர், "ஆவுடை, கத்திக்கெல்லாம் ஒன் காலேஜ்ல பாடம் உண்டாட்டி" என்று கேட்டுவிட்டு நக வெட்டியைத் தேடப் போய்விட்டார்.

அவர் நல்லவர், எல்லாரும் சொல்வார்கள். அவருடைய ஆயுதம் ஒரே ஒரு சொல்தான், ஏலாது. ஆவுடைக்கு ஏலாது. கல்யாண வீட்டுக்கு இரண்டு நாள் முன்னதாகப் போகவா, அவளுக்கு ஏலாது. சினிமாவுக்கா, ஏலாது. எழுபத்தைந்தில் ஹைதராபாத்தில் ஒன்பது மாதப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், இந்த மாவட்டத்திலிருந்தே என்னை மட்டும். கல்லூரி முதல்வர் வீட்டுக்கே வந்தார். லிங்கத்துக்கு மூன்று வயது, அம்மாவிடம் விட்டுப் போகலாம், அவளும் சரியென்றிருந்தாள். இவர் காப்பி டம்ளரை முதல்வரிடம் நீட்டிக்கொண்டே, "அவளுக்கு ஒடம்பு ஏலாது மேடம், பிள்ளை பெத்ததுக்கு அப்புறம் ரொம்பத் தளந்துட்டா" என்றார். எனக்கு ஒன்றுமில்லை. அன்று காலையில்தான் கிணற்றில் பதினெட்டு வாளி இறைத்திருந்தேன். முதல்வர் என்னைப் பார்த்தார், நான் சொல்வேனென்று காத்திருந்தார், அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளம் என்று இப்போதும் என்னால் அளந்து சொல்ல முடியும். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அப்படியென்றால் அவர் சொன்னது உண்மை. உடம்பில் இல்லாமல் வேறெங்கோ இருந்த ஒரு தளர்ச்சியை அவர் சரியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதைத்தான் அவர் மகனும் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். போன வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மோரை உறிஞ்சிக்கொண்டே, "பவர் எழுதிக் குடுத்துரும்மா, எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன், ஒனக்கு எதுக்கு அலைச்சல்" என்றான். சரிப்பா என்றேன். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஆள் பார்த்தாயிற்று. எனக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம், அதன் வழவழப்பான புத்தகத்தில் ஒரு கிழவி கேரம் காயைச் சுண்டிவிட்டுப் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறாள். அந்த வயதில் முப்பத்திரண்டும் யாருக்கு இருக்கிறது. அவளைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் பயம் இல்லையென்று சொன்னால் பொய். இந்த வீட்டில் நான் தனி, பிள்ளையும் மருமகளும் வெளியூர். ஆனி மாதம் குளியலறையில் விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, வாளியின் அடிப்பாகத்தில் பிடித்திருந்த பாசியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வீடு கூட்ட வருகிற பேச்சி வந்து கதவைத் தள்ளித் தூக்கினாள். அவளிடம்தான் சாவி இருந்தது, இல்லையென்றால் என்னவாகியிருக்கும் என்று லிங்கம் போனில் நாலு தடவை கேட்டான், கேட்டதில் நியாயம் உண்டு. போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. முந்தாநாள் டீயை வடிகட்டப் போனவள் கையிலிருந்த சாமானின் பெயரை மறந்து நின்றேன், தமிழிலும் வரவில்லை இங்கிலீஷிலும் வரவில்லை. வலையுள்ள சின்னச் சாமான், பிடி உண்டு, அவ்வளவுதான் இருந்தது. கால் மணி நேரம் கழித்து வடிகட்டி என்று வந்தது, வந்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆகவே அந்தத் தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டு எழுதியது தப்பித்தவறி நிஜமாக இருக்கலாம். பார்க்காமல் எறிந்த கல் பட வேண்டிய இடத்தில் பட்டிருக்கலாம். அதனால்தான் அந்த ஆள்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறது. பொய் சொன்னதற்காக வந்திருந்தால் இத்தனை நேரம் நிற்காது.

இருந்தாலும் இன்று அந்தச் சொல் என் பக்கம். படுத்தபடியே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், ஓட்டை எதுவும் தெரியவில்லை. மனம் தளர்ந்தவளிடம் பத்திரம் வாங்கக் கூடாது. வருகிறவர் படித்தால் நிறுத்திவிடுவார். நான் மாட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை, லிங்கத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, போன வாரம் சரியென்ற வாயால் இன்று இல்லையென்று சொல்ல வேண்டியதில்லை. நான் சும்மா கிடந்தால் போதும். ஒரு டாக்டரின் அலட்சியம் எனக்காகப் பேசிவிடும், நான் ஆயுள் முழுக்கப் பேசாததையெல்லாம் அது பேசிவிடும். ஒரேயொரு சிக்கல், அவர் என்னைச் சோதித்துப் பார்க்கலாம். பேர் என்ன, தேதி என்ன. தெளிவாகப் பதில் சொன்னால் மனநிலை சரியென்று எழுதிக்கொண்டு ரேகை வாங்கிவிடுவார், வீடு போய்விடும். வீடு நிற்க வேண்டுமானால் எனக்கு என் பேர் தெரியக் கூடாது. புத்தி ஒன்றை மட்டும் நம்பி வாழ்ந்தவள், பார்க்க லட்சணமில்லை, பாட்டு வராது, சமையல் சுமார், இங்கிலீஷ் மட்டும்தான், அந்த ஒன்றையும் நாலு பேர் முன்னால் இல்லையென்று காட்ட வேண்டும். காட்டலாம். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு காற்றாடியைப் பார்த்தால் போதும். செய்து பார்க்கிறேன். மிகச் சுலபமாக வருகிறது. அவ்வளவு சுலபமாக வருவது பிடிக்காமல் வாயை மூடிக்கொள்கிறேன். அடுத்த அறையில் சுபா சொல்கிறாள், "பன்னெண்டு மணிக்கு ராகுகாலம்லாம் இல்லையே?" லிங்கம் சொல்கிறான், "இன்னைக்கு வியாழக்கிழமை, ஒண்ணரைக்குத்தான். நீ அந்த மாத்திரை டப்பாவ எல்லாம் கட்டில் பக்கத்துல கொண்டு வை." மாத்திரை டப்பாக்கள் வருகின்றன. என்னுடையவை நாலு, மீதி அவனுடைய சர்க்கரை மாத்திரைகள். அடுக்கி வைத்துவிட்டு ஒரு எட்டு பின்னால் போய் நின்று பார்க்கிறாள், கொலு வைத்தவள் பார்ப்பது போல.

வாசல் மணி அடிக்கிறது. பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கிறது. தளவாயின் குரல் முதலில் வருகிறது, பிறகு அவர், பிறகு ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் மடிக்கணினிப் பை, ஸ்கூட்டரில் வந்த வெயில் முகத்தில் இருக்கிறது. சார்பதிவாளர் என்றதும் நான் ஒரு ஆணை எதிர்பார்த்திருந்தேன், ஏனென்று தெரியவில்லை. தண்ணீர் கொடுக்கிறார்கள், குடிக்கிறாள். உறையை வாங்கி நின்றபடியே படிக்கிறாள், கடைசிவரை படிக்கிறாள், கண் கீழ் வரியிலிருந்து மறுபடி மேலே போவதைப் போர்வைக்குள்ளிருந்து பார்க்கிறேன். "இந்தச் சர்டிபிகேட் யார் வாங்குனது?" நான்தான் மேடம், என்கிறான் லிங்கம். "படிச்சுப் பார்த்தீங்களா?" "நடமாட முடியாதுன்னு போட்டிருக்கு." "மனசும் முடியாதுன்னு போட்டிருக்கு சார். மனசு சரியில்லாதவங்ககிட்ட நான் எப்படிப் பத்திரம் பதியறது?" சுபா சன்னமாக, "நான் அப்பவே சொன்னேன், ஒரு தடவை படிங்கன்னு" என்கிறாள். "நீ எப்பச் சொன்ன?" "மனசுல சொன்னேன்." தளவாய் தாளை வாங்கி முத்திரையை மறுபடி பார்க்கிறார், முத்திரை சரியாகத்தான் இருக்கிறது. "மேடம், டாக்டர் சும்மா எழுதியிருக்காரு" என்கிறான் லிங்கம். "எங்கம்மா இங்கிலீஷ் புரபசரு. நேத்துக்கூட பேப்பர்ல ரெண்டு தப்பு கண்டுபிடிச்சா. நீங்களே கேட்டுப் பாருங்க." அவன் குரலில் பெருமை இருந்தது. எனக்கு அது தேவைப்படாத நேரம் பார்த்து இருந்தது.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு என் தலைமாட்டில் உட்காருகிறாள். "அம்மா, உங்க பேரு என்னம்மா?" நான் காற்றாடியைப் பார்க்கிறேன். மூன்று இறக்கை, ஒன்றில் ஒட்டடை. "இது யாரு, தெரியுதா?" ஒட்டடை சுற்றும்போது வட்டமாகத் தெரிகிறது. "எம்மா, சொல்லும்மா, வெளையாடாத" என்கிறான் லிங்கம், குனிந்து என் தோளைத் தொடுகிறான். அவன் பேர் என் பல்லுக்குப் பின்னால் நிற்கிறது, தமிழில், அவன் தாத்தாவின் பேர், குற்றாலிங்கம், ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது காதில் நான் சொன்ன பேர். நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். மூடிய வாய்க்குள் நாக்கு எவ்வளவு பெரிதாக இருக்கிறது. ஹைதராபாத்துக்குப் போகாத அன்று முதல்வர் முன்னால் நின்ற அதே மௌனம்தானே இது, வேஷம் மட்டும் வேறு. அந்தப் பெண் பெருமூச்சு விட்டு, "சாரி சார், நான் பதிய முடியாது" என்று எழுந்திருக்கிறாள். போதும். முடிந்தது. அப்போது தளவாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, அனுபவஸ்தர் குரலில், மெதுவாக ஆரம்பிக்கிறார். "சார், ஒரு வகையில பாத்தா நமக்கு நல்லதுதான். மனநிலை சரியில்லேன்னா கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிரலாம். இந்தச் சர்டிபிகேட்டையே வச்சுக் கேப்போம், இன்னைக்கு இந்த மேடம் வந்து பாத்ததும் அதுக்குத் தோதுதான். பெறகு அம்மாட்ட ஒரு ரேகைகூட வேண்டாம், எதுக்கும் கேக்க வேண்டாம். கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்." லிங்கம் என்னைப் பார்க்கிறான். பிறகு தளவாயைப் பார்க்கிறான். என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்படிப் பண்ணலாமா?" என்று கேட்கிறான்.

தாழ்ந்த குரலில்தான் கேட்டான். கெட்ட எண்ணம்கூட இல்லை, கடையில் இன்னொரு நிறத்தில் சட்டை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. நான் படுத்திருக்கிறேன், எனக்கு மேலே அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். இதுவரை சரி என்றாவது சொல்லிக்கொண்டிருந்தேன், இனி அதுவும் வேண்டாமாம். போர்வையைத் தள்ளுகிறேன். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார எனக்கு எப்போதும் நேரமாகும், இன்றும் ஆகிறது, யாரும் கை கொடுக்கவில்லை, அதிர்ச்சியில் கொடுக்கவில்லை. "எம் பேரு ஆவுடையம்மாள்" என்கிறேன். குரல் கீறலாக வருகிறது. "இவன் எம் மகன், குற்றாலிங்கம். இது அவன் பொண்டாட்டி. இன்னைக்கு வியாழக்கிழமை. பத்திரம் எழுதிக் குடுக்க எனக்கு இஷ்டமில்லை." அந்தப் பெண் பையை மறுபடி கீழே வைக்கிறாள். சுபாதான் முதலில் பேசுகிறாள். "அப்ப இவ்வளவு நேரம் நடிச்சீங்களா அத்தை?" ஆமா, என்கிறேன், நீ கொண்டையை அவுத்துவிட்ட, மிச்சத்தை நான் பாத்துக்கிட்டேன். தளவாய் சன்னல் கம்பியை எண்ணத் தொடங்குகிறார். லிங்கத்தின் காது மடல் சிவந்துவிட்டது, சின்ன வயசில் பொய் பிடிபட்டால் சிவப்பது போல, இப்போது பிடிபட்டது யார் என்று அவனுக்கும் சொல்லத் தெரியாது. "போன வாரம் சரின்னியே?" "சொன்னேன். பயந்து சொன்னேன்." "யாருக்குப் பயந்து?" "ஒனக்குத்தாம்ல." அவன் சிரிக்கப் பார்க்கிறான், வரவில்லை. "நான் என்ன ஒன்ன அடிச்சனா? ஒரு வார்த்தை வஞ்சிருப்பனா? விழுந்து கெடந்தன்னு கேட்டதும் விடிய விடிய கார் ஓட்டிட்டு வந்தேன்." வந்தான். அது உண்மை. கண் சிவக்க வந்து நின்றான், நான் பேச்சியிடம் காப்பி போடச் சொன்னேன். "இனிமே விழுந்தா யாரு தூக்குறது?" என்கிறாள் சுபா. வெறுப்பில்லாமல்தான் கேட்கிறாள், அதனால் அது நேராக உள்ளே போகிறது. ஈரத் தரை, பாசி, வாளி. "தெரியல சுபா" என்கிறேன். "நீ என்னை இனிமே கூப்பிடாத" என்கிறான் லிங்கம். "விழுந்தாலும் கூப்பிடாத." அந்த வாக்கியத்தை இந்த அறையில் சொல்லிவிட்டான், இனி அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக யாராலும் முடியாது, என்னுடையதையும்தான்.

சார்பதிவாளர் பெண் முழங்காலில் பையை வைத்து அதன் மேல் ஒரு தாளை வைத்து எழுதுகிறாள். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன விலாசத்துக்கு நேரில் சென்றபோது, எழுதிக் கொடுப்பவர் தமக்குச் சம்மதமில்லை என்று தெரிவித்தார். எழுத்து சின்னதாக, நேராக இருக்கிறது. "போன எடத்துல என்ன நடந்துச்சுன்னு நான் பதிவு பண்ணணும்மா. இதுக்குக் கீழ நீங்க ஒண்ணு போட்டுட்டா போதும்." தளவாய் பழக்கதோஷத்தில் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்துகிறார், பிறகு தானே மூடிவிடுகிறார். பேனா என்கிறேன். அவள் தன் பேனாவைக் கொடுக்கிறாள். கட்டிலில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் தாளை வைக்கிறார்கள். தாமோதரன் எழுதியதில் அந்த ஒரு வரி மட்டும் உண்மை, கை நடுங்கத்தான் செய்கிறது, முதல் எழுத்தைத் தொடங்குவதற்கு முன்பே மூன்று புள்ளி விழுந்துவிட்டது. ஆ போட்டேன், அதன் சுழி எங்கோ போய்விட்டது. காற்றாடிக் காற்றில் தாள் எழும்பி என் கைமேல் மடிகிறது. இடது கையால் பிடிக்கலாம், ஆனால் இடது கையை எடுத்தால் நான் சாய்ந்துவிடுவேன், அதை ஊன்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். தாள் மறுபடி எழும்புகிறது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். லிங்கம் ஒரு எட்டு முன்னால் வந்து, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் தாளின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கிறான். என் பேர் நீளமானது. ஒவ்வொரு எழுத்தாகப் போடுகிறேன். அவன் விரலை எடுக்கவில்லை.